துரையின் மூக்கு

துரை செத்தது ஒரு சாதாரண மத்தியானத்தில். வாசல்வரை நடந்து திரும்பியது, அவ்வளவுதான். நாய்க் கண்காட்சிகளில் கோப்பை மேல் கோப்பை வாங்கிய அந்தச் சப்பைமூக்கு நாய், வாயைப் பிளந்து காற்றைத் தேடித் தேடி, நாய்க்காரக்காவின் மடியிலேயே அடங்கிவிட்டது.

தெருவில் அவளுக்கு அதுதான் பெயர். சப்பைமூக்கு நாய்களை இணைசேர்த்துக் குட்டி விற்றே குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவள். தொழிலில் கூட்டாளி அவள் தம்பி. உடம்பு ஆறுவதற்குள் அவன் போனும் கையுமாக வந்து நின்றான்.

"அக்கா, டாக்டர் வராரு. தோல்ல ஒரு துண்டு எடுத்து ஃபிரிட்ஜ்ல வச்சாப் போதும், குளோனிங் பண்ணிடலாம். செலவெல்லாம் நம்மகிட்ட குட்டி வாங்குற மில் முதலாளி பாத்துக்குவாராம். அச்சுல வார்த்த மாதிரி துரை திரும்பி வந்துடுவான்!"

"மூக்கும் அதே அச்சுதானே?"

"பின்னே? அந்த மூக்குக்குத்தானே கோப்பை குடுத்தாங்க!"

"அந்த மூக்குதான்டா இவனக் கொன்னுச்சு. துரை எங்கடா திரும்பி வரான்? வேற ஒரு குட்டி பொறக்கும், இவன் மூச்சுத் திணறலோட."

தம்பிக்குச் சுருக்கென்றது. "நீ மட்டும் பெரிய யோக்கியமா? அப்பனுக்கும் பொண்ணுக்கும் ஜோடி போட்டுத்தானே இந்த மூஞ்சியக் கொண்டுவந்தே?"

குளோனிங்குக்கு ஒரு வாடகைத் தாய் வேண்டும். அந்த நாயின் சம்மதத்தை யார் கேட்பார்கள் என்று சீறத்தான் வாயெடுத்திருந்தாள். அவளுடைய பெட்டைகளை மட்டும் யார் கேட்டார்கள்? தலை பெருத்த குட்டிகள் வழியில் சிக்கிக்கொள்ளும் என்று, ஒவ்வொரு பிரசவத்துக்கும் வயிற்றைக் கீறியல்லவா எடுத்தார்கள்? அழகு என்று மனிதன் கிழித்த கோட்டுக்கு நாய் உயிரைக் கொடுக்க வேண்டும். இதில் ஆய்வகம் என்ன, கொல்லைப்புறம் என்ன? ஒரே ஒரு வித்தியாசம்தான் அவளுக்குத் தென்பட்டது. நகலெடுத்தால் அதே மூக்குதான். இணைசேர்ப்பவள் மனசு வைத்தால் அடுத்த ஈற்றிலேயே வேறு மூக்கைத் தேடலாம்.

டாக்டர் பெட்டியோடு வந்தார். "கோவிச்சுக்காதீங்க டாக்டர்," என்றாள். "இவனைப் புதைக்கப் போறோம்."

பிறகு துரையின் மகளை, சைக்கிள் கடைக்காரரின் நீள்மூக்குக் கலப்பு நாயோடு சேர்த்தாள். இனத்தைக் கெடுத்தாள் என்று நாய்ச் சங்கம் அவள் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டது. மில் முதலாளி வேறு இடம் பார்த்துக்கொண்டார். தம்பி வேலை செய்தான், பேசத்தான் இல்லை.

பெட்டை கத்தி படாமல் தானே ஈன்றது. குட்டிகள் ஆளுக்கொரு தினுசு. எந்த நடுவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்.

ஒரு நாள் கூண்டுகளைக் கழுவிவிட்டு வந்தவள், சாக்கின்மேல் ஒரு குட்டி அசையாமல் கிடப்பதைக் கண்டாள். சத்தமே இல்லை. அவள் வீட்டு நாய்கள் தூங்கினால் மரம் அறுக்கிற மாதிரி குறட்டை கேட்கும். சத்தம் நின்றால் உயிர் நின்றது என்றுதான் பொருள். பதறிப்போய் அள்ளினாள். தூக்கம் கலைந்த குட்டி அவள் விரலை நறுக்கென்று கடித்தது.

"தூங்குறத எதுக்குக்கா எழுப்புறே?" வாசலிலிருந்து தம்பி கேட்டான்.

"மூச்சுச் சத்தமே கேக்கலடா."

அவன் வந்து குந்தினான். குட்டியின் மூக்குக்கு நேரே உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"வருதுக்கா," என்றான். "நல்லாவே வருது."