ஒரு ரிங் மட்டும், எடுக்காதே

காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது போன் ஒரே ஒரு ரிங் அடித்து நின்றது. திரையில் இருநூற்று முப்பத்து மூன்றில் தொடங்கும் வெளிநாட்டு எண். கானா நாட்டுடையது. "ஸ்பேம்ப்பா, திருப்பிக் கூப்பிட்டா காசை உருவிருவாங்க" என்று மகள் போனைப் பிடுங்கி அந்த எண்ணை பிளாக் செய்துவிட்டாள். அவள் சொன்னது சரிதான். ஆனாலும் வாயெல்லாம் நுரையோடு நான் ஏன் இளித்துக்கொண்டு நின்றேன் என்பதைக் கேட்க அவளுக்குப் பொறுமை போதாது. உங்களுக்குச் சொல்கிறேன்.

கையில் பிரஷ் இருந்ததும் ஒரு காரணம். துபாயில் எனக்கு முதலில் கிடைத்ததே பிரஷ் வேலைதான். தேரா கடைவீதியில் பழைய மொபைல்களை மொத்தமாக விற்கும் கடை. எங்கெங்கோ யார் யாரோ பேசித் தேய்த்த பட்டன் போன்கள் பெட்டி பெட்டியாக வரும். பல் பிரஷ்ஷை ஸ்பிரிட்டில் தொட்டு, பட்டன் இடுக்கில் இருக்கிற அழுக்கை எடுக்க வேண்டும். ஊரில் எனக்குப் பெண் பார்த்தவர்கள் 'மாப்பிள்ளை மொபைல் இன்ஜினியர்' என்று சொல்லிவைத்திருந்தார்கள். நாங்கள் கூட்டாகத் தங்கியிருந்த கராமா ரூமிலோ நான் நுழைந்ததும் "ஆஸ்பத்திரி வந்துருச்சுடா" என்று மூக்கைப் பொத்துவார்கள். அவ்வளவு ஸ்பிரிட் வாடை.

துடைத்த போனில் சிம்மைப் போட்டு, கடை போனுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்போம். மணி அடித்தால் சரக்கு பாஸ். எடுக்கக் கூடாது, எடுத்தால் காசு போய்விடும். நம்மாட்களுக்கு இதைச் சொல்லித்தரவா வேண்டும்? ஒரு ரிங் என்றால் சௌக்கியம், ரெண்டு என்றால் உடனே கூப்பிடு. அன்றைக்கு வளைகுடாக்காரனின் பாதிக் குடித்தனம் மிஸ்டு காலில்தான் நடந்தது. இதில் கானாக்காரர்களும் நமக்குச் சொந்தக்காரர்கள்தான். அவர்கள் அதை 'ஃபிளாஷ்' என்பார்கள்.

அந்த நாட்டிலிருந்து வந்தவர்தான் அகோசுவா அம்மா. துணி வியாபாரி. தலைநகரைவிட்டு வெகுதூரம் உள்ளே தள்ளியிருந்த அவருடைய ஊரில் அப்போதுதான் முதல் டவர் நட்டிருந்தார்கள். துணிக்கடையை மூடிவிட்டு, இருந்த முதலையெல்லாம் போன் வாங்கிப் போடத் துணிந்து வந்திருந்தார். எங்கள் முதலாளி ஹமீது பாய் கீழக்கரைக்காரர். விற்றால் போதும் என்று விடுகிற ஆள் இல்லை.

"ஏம்ப்பா, அந்தம்மாகிட்ட கேளு. ஊருல ஒருத்தன்கிட்டயும் போன் கிடையாது. மொதப் போன வாங்குறவன் யாருக்குப் பேசுவான்?"

என் ஓட்டை இங்கிலீஷில் கேட்டேன். அவரோ நான் ஒவ்வொரு போனாக எடுத்து மிஸ்டு கால் கொடுப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கடை நம்பரைக் கேட்டு உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.

சூட்கேஸ்களை டாக்ஸியில் ஏற்றும்போது என் கையைப் பிடித்தார். "வித்தா ஃபிளாஷ் வரும். வரலைன்னா, எனக்குத் திரும்பிப் போக வேற கடை இல்ல மகனே" என்றார்.

நாட்கள் போயின. ஒரு ஃபிளாஷும் இல்லை. "நாம தடுத்திருக்கணும்ப்பா" என்று பாய் டீ குடிக்கும்போதெல்லாம் புலம்பினார்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து கடை திறந்த கையோடு கடை போன் அடித்தது. அதே இருநூற்று முப்பத்து மூன்று. "எடுக்காதடா" என்று பாய் கத்துவதற்குள் பதற்றத்தில் பட்டனை அமுக்கிவிட்டேன். ஒரே சந்தை இரைச்சல். யாரோ ஓர் ஆண் குரல், "துபாய்? துபாய்?" என்று கேட்டது. "ஆமாங்க, துபாய்தான்" என்று தமிழிலேயே சொல்லிவைத்தேன். அந்தப் பக்கம் ஒரு கூட்டமே ஹோவென்று சிரித்தது. லைன் அறுந்தது. முதல் போன் வாங்கிய புண்ணியவானின் காசைத் தீர்த்தவன் நான்தான்.

கீழே வைக்கவில்லை, மறுபடி ரிங். வேறு நம்பர். அப்புறம் இன்னொன்று. அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் கடை வழக்கத்தை அந்த அம்மா அப்படியே சந்தையில் இறக்கியிருக்கிறார். வாங்குகிற ஒவ்வொருவரையும் எங்களுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்க வைக்கிறார். பார், உன் போன் கடலைத் தாண்டி துபாயில் அடிக்கிறது! யார்தான் வாங்க மாட்டார்கள்?

அதன் பிறகு சில வாரங்கள் கடை கல்யாண வீடு மாதிரி இருந்தது. ரிங் அடிக்க அடிக்க, "மாஷா அல்லாஹ், இன்னொண்ணு போச்சு" என்பார் பாய். போனில் புது நம்பர் வந்து பழைய நம்பரைத் தள்ளிக்கொண்டே இருந்தது. நான் பிரஷ்ஷும் கையுமாக, ஒரு ஊருக்கே நான்தான் போன் கொடுத்தேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

பிறகு ரிங் குறைந்தது. கடைசியில் சுத்தமாக நின்றே போனது. பாய் டீயைக்கூடத் தொடவில்லை. "கலாஸ்ப்பா, முடிஞ்சுபோச்சு. அந்தம்மா யாவாரம் படுத்துருச்சு போல."

ஒருநாள் அந்த அம்மாவே நேரில் வந்து நின்றார், முன்னைவிடப் பெரிய சூட்கேஸ்களோடு. ஏன் ஃபிளாஷ் நின்றது என்று நான் கேட்டதும் கல்லாமேசையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"இப்ப அவங்களுக்குக் கூப்பிட ஊருக்குள்ளேயே ஆள் இருக்கு மகனே. உன்னை எதுக்குக் கூப்பிடணும்?"

நான் தமிழில் சொன்னதும் பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லோருக்கும் டீ சொன்னார்.

அந்தக் கடை இன்று அத்தர் கடை. அந்த நம்பரும் செத்துவிட்டது. ஒரு ரிங்கில் நிற்கிற போன் என்றாலே இப்போது திருட்டுப் பயல்தான். மகள் பிளாக் செய்ததில் தப்பே இல்லை. அவள் அந்தப் பக்கம் போனதும் வாயைக் கொப்பளித்துவிட்டு, "இன்னொண்ணு போச்சு" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.