துடைத்து வைத்த ஏணி

கடலோரக் காவல் கப்பலில் அவனைப் 'பளபளா' என்றுதான் கூப்பிடுவார்கள். துருவென்றால் அவனுக்கு ஜென்மப் பகை. கப்பலுக்குள் எந்த இரும்புச் சாமான் ஏறினாலும், நல்ல தண்ணீரில் கழுவி, சுரண்டி, எண்ணெய் பூசினால்தான் அவனுக்குச் சோறு இறங்கும்.

பல வருஷம் அந்தக் கப்பலுக்குக் கொள்ளையரைப் பிடிப்பதும் விடுவதுமே வேலை. கரையில் திருடியவனை உள்ளே தள்ளச் சட்டம் இருந்தது. எல்லை தாண்டிய நடுக்கடலில் திருடியவனுக்கு இல்லை. அதனால் குடிதண்ணீரும் டீசலும் கொடுத்து, பத்திரமாகப் போகச் சொல்லி அனுப்புவார்கள். கொள்ளையரும் தன்மையானவர்கள்தான், டீசல் குறைந்தால் மட்டும் முகம் சுளிப்பார்கள்.

ஒருவழியாகச் சட்டம் வந்தது. கையோடு ஐந்து பேர் சிக்கினார்கள். சரக்குக் கப்பலில் ஏறி, காவலாளியின் கையை முறித்தவர்கள். முகமூடி போட்டிருந்ததால் அடையாளம் காட்ட முடியவில்லை. துப்பாக்கிகள் கடலுக்குள் போய்விட்டன. படகில் மிஞ்சியது, கொக்கி வைத்த மடக்கு ஏணி ஒன்றுதான். வழக்கே அதை நம்பித்தான் நின்றது.

விசாரணையன்று பளபளாவின் அக்கா முதல் ஆளாக வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். தம்பி சாட்சி சொல்கிறானே!

"கொக்கியில அந்தக் கப்பலோட பச்சை பெயிண்ட் ஒட்டியிருக்கு, பாருங்கய்யா" என்று அரசு வக்கீல் உறையைப் பிரித்தார். ஏணி கண்ணாடியாக மின்னியது.

"பெயிண்ட் எங்கப்பா?" என்று கூண்டில் நின்ற பளபளாவிடம் கேட்டார்.

"கழுவி எண்ணெய் போட்டுட்டேன் சார். உப்புத்தண்ணில கெடந்த இரும்பு, அப்படியே விட்டா தின்னுடும்."

"யாரு கழுவச் சொன்னது?"

"இதையெல்லாம் ஒருத்தர் சொல்லணுமா சார்?"

"பாருங்க, ஒரு பொட்டு அழுக்கில்ல" என்று அக்கா பக்கத்திலிருந்தவரிடம் கிசுகிசுத்தாள்.

நீதிபதி அவனுடைய சுத்தத்தைப் பாராட்டிவிட்டு, சாட்சியம் போதாதென்று ஐந்து பேரையும் விடுவித்தார். அவர்கள் பொருளை அவர்களிடமே ஒப்படைக்கவும் உத்தரவிட்டார். அதுவும் சட்டம்தான்.

அவனே ஏணியைச் சுமந்து வந்து வாசலில் கொடுத்தான். தலைவன் அதை மடக்கி விரித்துப் பார்த்தான். "புதுசு மாதிரி ஆக்கிட்டீங்களே அண்ணே! ராசியான கை."



முறிந்த கையைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த சரக்குக் கப்பல் காவலாளி ஓரமாக நின்றிருந்தார். "போன தடவை இந்த ஏணி கிறீச்சுன்னு கத்தித்தான் நான் முழிச்சேன் தம்பி" என்றார். "இனிமே அந்தச் சத்தமும் வராது, இல்ல?"