காதில் எரிந்த மெழுகுவத்தி

என் கணவர் இருபது வருடமாக விசைத்தறி ஓட்டுகிறார். காது மந்தம். இன்று ஆரணி பஸ் ஸ்டாண்டு பக்கத்து பார்லரில் காது அழுக்கை உறிஞ்சி எடுக்கும் என்று சொல்லி, அவர் காதில் குழல் போன்ற மெழுகுவத்தி செருகிப் பற்றவைத்தார்கள்.

எரிந்து முடிந்ததும் பார்லர்காரப் பெண் அடிக்கட்டையைப் பிளந்து பழுப்புத் தூளைக் காட்டினாள். "பாருங்கண்ணா, எவ்ளோ அழுக்கு சேர்ந்துகினு இருந்துது."

"இப்போ நல்லா கேக்குது" என்றார் அவர், என் உதட்டைப் பார்த்துக்கொண்டே. தறிச் சத்தத்தில் வேலை செய்பவர்கள் அப்படித்தான் பேசிப் பழகியவர்கள்.

அவள் கொடுத்தனுப்பிய இன்னொரு மெழுகுவத்தியை வீட்டில் டம்ளரில் நிறுத்தி ஏற்றினேன். அதே பழுப்புத் தூள்.

அவருக்குப் பின்னால் நின்று, "அது அழுக்கு இல்லீங்க, வெறும் மெழுகு" என்றேன்.

அவர் திரும்பவில்லை.

முன்னால் போய்ச் சொல்லத் தைரியமுள்ளவர்கள் யாராவது இருந்தால் வீட்டுக்கு வாருங்கள், காபி தருகிறேன்.