ஒரு காது, இரண்டு பெட்டி

ஆதிநாராயணனுக்கு இடது காது கேட்காது என்பது கோட்டைக்குப்பத்தில் யாருக்கும் தெரியாது. காசிமேட்டு விசைப்படகுகளில் பதினோரு வருடம் இன்ஜின் பக்கத்திலேயே கிடந்தவன் அவன். கரைக்கு வந்து பழவேற்காடு கடைத்தெருவில் ரேடியோ, டி.வி. பழுதுபார்க்கும் கடை போட்டபோது அந்தக் காது செத்துவிட்டிருந்தது. ஒற்றைக் காதுக்காரனிடம் யார் பாட்டுப்பெட்டியைத் தருவார்கள்? மனைவி இருசம்மாளிடம்கூட அவன் சொல்லவில்லை. நடந்தாலும் படுத்தாலும் அவள் வலப்பக்கம் இருக்கும்படி பார்த்துக்கொண்டான்.

பொன்னேரியிலிருந்து எலிசபெத் டீச்சர் வந்தது ஐப்பசி மழைக்குப் பிறகு. புத்தக அலமாரியில் வைக்க இரண்டு சின்ன ஸ்பீக்கர் பெட்டிகள் வேண்டும் என்றார். மேலே ஒட்டுவதற்கு வெனீர் ஒன்றையும் கொடுத்தார். காகிதம்போல் மெல்லிசாகச் சீவிய ஈட்டிமரத் தாள். தச்சுவேலை செய்த அவருடைய அப்பா சாகும்முன் சுருட்டி வைத்திருந்தது. இது ஒன்றுதான் மிச்சம், பார்த்துச் செய்யுங்கள் என்றார்.

பிளைவுட்டை அறுத்து இரண்டு பெட்டிகளையும் இரண்டு வாரத்தில் முடித்தான் ஆதிநாராயணன். மூலைகளில் காற்றுக் கசியாமல் அடைத்தான். வெனீர் மட்டும் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை டீச்சர் வருவதாகச் சொல்லியிருந்தார். சனிக்கிழமை காலையில் பெட்டியிலும் வெனீரிலும் பூசிய பசை ஏரிக்காற்றின் ஈரத்தில் காயவே இல்லை. மதியத்துக்கு மேல்தான் விரலில் ஒட்டாமல் வந்தது. பசையும் பசையும் ஒருமுறை தொட்டால் ஒட்டியதுதான், நகர்த்த முடியாது. அதனால் இரண்டுக்கும் நடுவில் செய்தித்தாளை விரித்து, வெனீரை மேலே வைத்து, செய்தித்தாளைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவ வேண்டும். உருவுவதற்கு இருசம்மாளைக் கூப்பிட்டிருந்தான். ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கிறவள். அவள் விரல்களுக்கு நிதானம் அதிகம்.

முதல் பெட்டி சரியாக அமைந்தது. இரண்டாவதுக்கு, கடையின் குறுகலில், அவள் அவனுடைய இடப்பக்கம் நிற்க வேண்டியதாயிற்று. வலக்காதுப் பக்கம் கடைத்தெரு இரைந்தது.

பாதி உருவியதும் செய்தித்தாள் மடங்கிக்கொண்டது. வெனீர் சாய்ந்தது. அவன் நிறுத்தாமல் அழுத்திக்கொண்டே போனான். மூலையில் மரத்தாள் படக்கென்று பிளந்தது.

"நிறுத்துன்னு மூணு வாட்டி சொன்னேன்யா," என்றாள் இருசம்மாள், அவன் எதிரே வந்து. "காதுல வுழலியா?"

அவன் குனிந்து மூலையைத் தடவினான். அவள் மறுபடி இடப்பக்கம் போய் நின்று அவன் பேரைச் சொன்னாள். அவன் திரும்பவில்லை. இன்னும் ஒருமுறை சொன்னாள். அவன் பிளந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எத்தினி வருசமா இப்டி?" என்று முன்னால் வந்து கேட்டாள்.

"படகுலேர்ந்து எறங்கினதுலேர்ந்து."

அவள் விரலில் ஒட்டிய பசையை முந்தானையில் துடைத்தாள். பிறகு, "அன்னிக்கு ஏரில கெளுத்தி முள்ளு குத்திக் கத்துனேனே, திரும்பிக்கூடப் பாக்காம போனியே. ஆறு வருசமா அத்த நெஞ்சுல வச்சிகினு கீறேன்," என்றாள்.

"கேக்கல இருசா. சத்தியமா கேக்கல."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கினாள். துணி போட்டுத் தேய்த்துப் பசையை இளக்கி, மெல்லிய கத்தியால் விரல் விரலாக வெனீரைக் கிளப்பினார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. தாள் பிழைத்தது. மூலையில் நகத்தளவு பெயர்ந்துபோன இடத்துக்கு வெட்டிய மிச்சத்தில் ஒட்டுப்போட்டான். உற்றுப் பார்த்தால் தெரிந்தது.

சாயங்காலம் ஸ்பீக்கர்களைப் பொருத்திப் பாட்டு வைத்தான். அவனுக்கு நன்றாகவே கேட்டது. இரண்டுக்கும் எதிரே முக்காலியில் உட்கார்ந்த இருசம்மாள் தலையை ஆட்டினாள்.

"பாடறவ நடுவுல இல்ல. எங்கியோ செதறி நின்னு பாடுறா."

அவன் பெட்டிகளின் பின்னால் குனிந்து பார்த்தான். ஒரு பெட்டியில் ஒயரை மாற்றிப் போட்டிருந்தான். ஒரு ஸ்பீக்கர் முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுத்துக்கொண்டிருந்தது. இரண்டு காதும் உள்ளவர்களுக்குத்தான் அது பிடிபடும். அப்படியானால் இதுவரை எத்தனை பெட்டிகளைத் தவறாகக் கொடுத்திருப்பான்? திருகாணிகளைக் கழற்றி ஒயரை மாற்றினான். பாட்டு தொடங்கியதும் அவள் இரண்டு பெட்டிகளுக்கும் நேர் நடுவே விரலை நீட்டினாள்.

மறுநாள் சர்ச் முடிந்து வந்த டீச்சர் முதலில் தொட்டது அந்த ஒட்டைத்தான். ஆதிநாராயணன் மறைக்கவில்லை. காதையும், பிளந்த மூலையையும், ஒயர் மாறியதையும், கேட்டுச் சரிபார்த்தது யார் என்பதையும் சொல்லி முடித்தான். டீச்சர் ஒரு பாட்டை முழுக்கக் கேட்டார்.

"எங்கப்பா இருந்திருந்தா இந்த ஒட்டுக்குத் திட்டியிருப்பார்," என்றார். பிறகு இருசம்மாளைப் பார்த்து, "பஸ் வரைக்கும் ஒண்ணைத் தூக்கிட்டு வர்றீங்களா?" என்று கேட்டார்.

காது விஷயம் ஒரே வாரத்தில் குப்பமெங்கும் பரவியது. இரண்டு பேர் பழுதுக்குக் கொடுத்த செட்டுகளைத் திரும்ப வாங்கிப் போனார்கள். பொன்னேரி ஆஸ்பத்திரியில் அந்தக் காது இனி வராது என்று கைவிரித்துவிட்டார்கள். முன்பு பெட்டி வாங்கிய வீடுகளுக்கு ஆதிநாராயணன் மனைவியோடு ஒவ்வொன்றாகப் போனான். அவள் உட்கார்ந்து கேட்டாள். ஐந்து வீடுகளில் இரண்டில் ஒயர் மாறியிருந்தது. வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, அங்கேயே தரையில் உட்கார்ந்து சரிசெய்து கொடுத்தான்.