மேவிஸ் பார்த்துச் சொன்ன சாலை

மேவிஸ் கிரீன்ஹால்ஜுக்குக் கார் ஓட்டத் தெரியாது. பள்ளிக்கூடச் சமையலறையில் உருளைக்கிழங்கு மசித்தே வேலைக்காலம் முழுவதையும் கழித்தவள். பஸ்ஸில் போய்ப் பஸ்ஸில் வந்தவள். கார் என்பது அவள் புருஷன் கிளிஃபர்டின் விஷயம்.

கிளிஃபர்ட் தன் காரைத் தானே கட்டியவர். விபத்தில் நசுங்கிய ஒரு பழைய வண்டியின் என்ஜினையும் அச்சுகளையும் வாங்கி, பெட்டி பெட்டியாக வந்திறங்கிய பச்சை நிற வெளிக்கூட்டின் பாகங்களை அதன்மேல் பூட்டினார். கூரை இல்லை, கதவு இல்லை, இரண்டே இருக்கை. உட்கார்ந்தால் தரை கைக்கு எட்டும். மேவிஸ் ஸ்பானர் எடுத்துக் கொடுத்தாள், இருக்கைக்கு உறை தைத்தாள். பிள்ளைகள் இல்லாத வீடு. சண்டை போட்டதும் அந்தக் காரை வைத்துத்தான், சமாதானமானதும் அதை வைத்துத்தான்.

பிறகு கிளிஃபர்டின் பார்வை நடுவிலிருந்து கரையத் தொடங்கியது. ஓரங்கள் தெரியும், நேர் எதிரே இருப்பது மட்டும் கலங்கிப்போய்த் தெரியும். இனி ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது, உரிமம் தரும் அலுவலகத்துக்கு எழுதிப் போட்டுவிடுங்கள் என்றார் டாக்டர். கிளிஃபர்ட் எழுதவில்லை. மேவிஸும் வற்புறுத்தவில்லை.

"நீ பாத்துச் சொல்லு கண்ணு. கையும் காலும் என்னோடது, கண்ணு உன்னோடது" என்றார்.

அப்படித்தான் இரண்டு வருஷம் ஓடியது. "இடது பக்கம் வளைவு. மெதுவா. முன்னால லாரி நிக்குது, பிரேக்க மிதி. ம், இப்போ போ." அவளுக்கு அது கைவந்துவிட்டது. உள்ளதைச் சொன்னால் பிடித்தும் இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாத மனுஷன், இப்போது அவள் வாயிலிருந்து வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் காத்திருந்தார்.

மே மாதக் கடைசியில் யார்க்‌ஷயர் மேட்டுநிலத்தில், நீர்த்தேக்கத்தை ஒட்டிய ஒரு பண்ணை வயலில், இப்படித் தாங்களே கார் கட்டியவர்கள் வருஷாவருஷம் கூடுவார்கள். அந்த வருஷம் மழை விடவே இல்லை. பாதிப் பேர் வரவில்லை. வந்தவர்கள் ரப்பர் பூட்ஸோடு சேற்றில் நின்று, மழைத்தண்ணீர் கலந்த டீயைக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

மஞ்சள் நிற மூன்று சக்கர வண்டி கட்டிய டெஸ்மண்ட் பியூ, பச்சைக் காருக்குள் எட்டிப் பார்த்தார். "என்ன கிளிஃப், உள்ள இவ்ளோ தண்ணி நிக்குது? வாத்து வாங்கி விடவா?"

"விடு விடு. உன்ன மாதிரி வழியில ஒரு சக்கரத்தத் தொலச்சிட்டு வரலயே நான்!"

மதியத்துக்குமேல் காற்று பிடித்தது. பெரிய கூடாரத்தின் முளைகள் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டன. "வண்டிய எல்லாம் நகத்துங்கப்பா! கூடாரம் விழப்போகுது!" என்று யாரோ கத்தினார்கள். மேவிஸ் அப்போது பண்ணை வீட்டில், கழிப்பறை வரிசையில் நின்றிருந்தாள். தங்கள் காரின் என்ஜின் உறுமுவது கேட்டது. கூட்டத்தில் எத்தனை வண்டி உறுமினாலும் அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். ஓடினாள். சேறு ஒரு பூட்ஸை இழுத்துக்கொண்டது.

"கிளிஃப்! நில்லு!"

காற்று அந்தக் குரலைத் தின்றுவிட்டது.

டெஸ்மண்ட் சாம்பல் நிற மழைக்கோட்டோடு கல்சுவரை ஒட்டிக் குனிந்து, கூடாரக் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார். கார் மெதுவாகத்தான் வந்தது. அவரைச் சுவரோடு வைத்து அழுத்தியது. வண்டி ஏனோ நகராததால் சேற்றில் சிக்கிவிட்டது என்று நினைத்த கிளிஃபர்ட், ஆக்ஸிலரேட்டரை இன்னும் மிதித்தார்.

சாலையில் வெள்ளம். ஆம்புலன்ஸ் வர வெகுநேரமாயிற்று. டெஸ்மண்டின் தலையை மேவிஸ் மடியில் வைத்திருந்தாள். "என் வண்டிக்கு யாராச்சும் உறை போடுங்க, நனையுது" என்பதையே அவர் திரும்பத் திரும்பச் சொன்னார்.

போலீஸ்காரர் வந்தபோது எல்லோரும் சேற்றைத்தான் குறை சொன்னார்கள். கிளிஃபர்ட் அவள் காதோரம் குனிந்தார். "பிரேக் புடிக்கலன்னு சொல்லிடுவோம் மேவிஸ். யார் கேக்கப் போறா?"

போலீஸ்காரர் அவளிடம் திரும்பி, "நீங்க எங்கம்மா இருந்தீங்க?" என்று கேட்டார்.

"பக்கத்துல இல்ல. அதனாலதான் இப்படி ஆச்சு. அவருக்குக் கண்ணு தெரியாதுங்க. ரெண்டு வருஷமா நான்தான் பாத்துச் சொல்றேன்."

கிளிஃபர்ட் முகத்தை மட்டும் அவள் குரல் வந்த திசைக்குத் திருப்பினார்.

டெஸ்மண்டின் வலது காலைத் தொடையோடு எடுத்தார்கள். கோர்ட்டு கிளிஃபர்டைச் சிறைக்கு அனுப்பவில்லை, உரிமத்தைப் பிடுங்கிக்கொண்டது. மேவிஸ் இரண்டு பஸ் மாறி ஆஸ்பத்திரிக்குப் போனாள். வார்டு வாசலிலேயே டெஸ்மண்டின் மனைவி கிளெனிஸ் மறித்துக்கொண்டாள்.

"ரெண்டு வருஷமா உனக்குத் தெரியும், இல்ல? எங்க வீட்டுக் குழந்தைங்க எல்லாம் அந்த வயல்லதான ஓடிட்டிருந்துச்சு. போயிடு மேவிஸ்."

மேவிஸ் வந்த வழியே திரும்பினாள்.

பச்சைக் காரைப் பழைய இரும்புக்காரன் அவிழ்த்து எடுத்துக்கொண்டு போனான். கிளிஃபர்ட் அவளோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார். உப்பு, மாத்திரை, ரேடியோ, அவ்வளவுதான். ஒரு நாள் காலையில் மட்டும், "பிரேக்குன்னே சொல்லியிருக்கலாம்" என்றார்.

"சொல்லியிருக்கலாம்" என்றாள் மேவிஸ், ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே.

அதற்கப்புறம் வந்த ஒரு பனிக்காலத்தில் கிளிஃபர்ட் நெஞ்சுச் சளியில் போய்ச் சேர்ந்தார். அடக்கத்துக்கு வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். எல்லோரும் கலைந்த பிறகு, ஊன்றுகோலோடு டெஸ்மண்ட் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"மன்னிச்சிட்டேன்னு சொல்ல வரல மேவிஸ். என் வண்டிச் சட்டத்த வெல்டிங் பண்ணிக் குடுத்தது அவன்தான். அதுக்காக வந்தேன்."

"டீ போடட்டுமா?"

"வேணாம். கிளெனிஸ் கார்ல இருக்கா. இறங்க மாட்டேன்னுட்டா."

அவர் படியிறங்கி முடிக்கும்வரை மேவிஸ் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போய்க் கோப்பைகளைக் கழுவினாள்.