நோரீன் எண்ணிய கணுக்கள்

கல்லின் அடிப்பக்கத்தில்தான் எல்லாம் இருக்கும். ஃபிளிண்டர்ஸ் மலையில் எங்கள் வேலையே பலகைக் கற்களைக் கவிழ்த்துப் போட்டுச் சாய்வெயிலில் உற்றுப் பார்ப்பது. உச்சிவெயிலில் ஒன்றும் தெரியாது. ஐம்பத்தைந்து கோடி வருஷத்துக்கு முந்தைய பிராணி, விரல் நீளம்கூட இருக்காது, உடம்பு முழுக்கக் கணுக்கணுவாக அச்சு விழுந்திருக்கும். அப்படிப் புதைபடிவம் தேடும் கூட்டத்துக்கு நான் மேஸ்திரி. கணுக்களை எண்ண நோரீனைப் போல ஒருத்தரும் கிடையாது. ஆட்டுப் பண்ணையில் சமைத்துக்கொண்டிருந்தவள். பேராசிரியர்களே அவளிடம் கேட்டுத்தான் எழுதிக்கொள்வார்கள்.

அவளுக்குப் பிறந்த பிள்ளை பதினோரு நாள்தான் இருந்தது. முதுகெலும்பு கணுக்கணுவாகப் பிரியாமல் ஒட்டிக் கிடந்தது. விலா எலும்பும் அப்படியே. மூச்சு விட இடமில்லை. அடக்கம் முடிந்த கையோடு புருஷன் கெவின், எல்லார் முன்னாலும், வயிற்றுப் பிள்ளையோடு இவள் கல் தூக்கினாள், அதுதான் பிள்ளையைத் தின்றுவிட்டது என்றான். அந்த மடையனை நாலு அறை விடலாம் போலிருந்தது எனக்கு. நோரீன் வேலைக்கு வருவதை நிறுத்திவிட்டாள்.

விடுவேனா? கருவளர்ச்சி படித்த டாக்டர் இலோனா முகாமுக்கு வந்திருந்தாள். அவளை நோரீன் வீட்டுக்கே இழுத்துப் போனேன். வயிற்றுப் பிள்ளைக்கும் கழுத்திலிருந்து கீழ்நோக்கி ஒவ்வொரு கணுவாக, கடிகாரம் வைத்தாற்போல் விழும் என்று இலோனா பொறுமையாகச் சொன்னாள். அதெல்லாம் ஐந்தாம் வாரத்துக்குள் முடிந்துவிடும். ஆறாம் மாசம் தூக்கிய கல்லுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

நோரீன் முகம் தெளிந்தது. அழுதாள், டீ போட்டாள், பிஸ்கட் டப்பாவைத் திறந்தாள். எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. பிறகு அவள் விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள், பிள்ளை பிறந்த நாளிலிருந்து பின்னோக்கி.

"அந்தக் கடிகாரம் எதனால தப்பும்?" என்று கேட்டாள்.

பரம்பரையாக வரலாம், பல சமயம் காரணமே தெரியாது என்றாள் இலோனா. பொய் சொல்லத் தெரியாத மனுஷி, அந்த வாரங்களில் தாய்க்கு வரும் கடுங்காய்ச்சலையும் சந்தேகப்படுகிறார்கள் என்று சேர்த்துச் சொல்லித் தொலைத்தாள்.

நோரீன் என்னைப் பார்த்தாள். "அந்த வாரம் எனக்குக் காய்ச்சல், ஐவி. வீட்டுக்குப் போறேன்னு கேட்டேன். 'சாய்வெயில் போயிடும்டி, இந்த ஒரு கல்ல முடிச்சிட்டுப் போ'ன்னு மூணு நாளும் சொன்ன."

சொன்னேன்தான். நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டே சொன்னேன். காய்ச்சல்தான் காரணமா என்று யாருக்கும் தெரியாது. அது எனக்கு ஆறுதலாக இல்லை.

அடுத்த திங்கட்கிழமை நோரீன் வேலைக்கு வந்தாள். கெவின் இன்னும் கல்லைத்தான் திட்டுகிறான், அவள் திருத்தவில்லை. நான் கல்லைக் கவிழ்த்துப் போடுகிறேன். அவள் குனிந்து எண்ணுகிறாள். எண்ணிக்கையைப் பக்கத்தில் நிற்பவரிடம் சொல்கிறாள், அவர் என்னிடம் சொல்கிறார்.