கஞ்சமலையை எடுக்கச் சொன்னார்கள்

பேய்க்கதை எழுதுகிற தொழிலில் பேயால் ஒரு தொந்தரவும் இல்லை. கூடவே ஒரு சிரிப்பு ஆளைக் கதைக்குள் விடுகிறோமே, அவனைக் காப்பாற்றுவதற்குள்தான் நமக்கு உயிர் போய் உயிர் வருகிறது. நான் படித்தது ஐந்தாவது. மலைமேல் எங்கள் அரியூர் நாட்டில் மிளகும் மரவள்ளிக் குச்சிக்கிழங்கும் பார்த்தது போக மீதி நேரத்தில் நோட்டில் எழுதுவேன். ஏழு புத்தகம் வந்திருக்கிறது. ஏழிலும் கஞ்சமலை என்று ஒரு லாரி கிளீனர் வருவான். எட்டாவதில் அவன் இருப்பதா போவதா என்று வந்த சண்டைதான் இது. உங்களிலும் எழுதுகிறவர்கள் இருப்பீர்கள். உங்கள் ஆளுக்கும் இப்படிக் கத்தி வந்திருக்கும். கேளுங்கள்.

அவன் ஏறிய பஸ்

அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியில் ஏறி மலைக்கு வந்துகொண்டிருந்தோம். பாதி வளைவு தாண்டியதும் மூடுபனி. டிரைவர் தலையை வெளியே நீட்டி நீட்டிப் பள்ளத்தைப் பார்க்கிறார். பஸ்ஸில் கைக்குழந்தைகூட அழவில்லை. பின் சீட்டில் மூட்டைக்கு நடுவே இருந்த ஒருத்தன் ஏதோ சொன்னான், பஸ்ஸே சிரித்தது. சிரித்து முடித்ததும் எல்லாரும் முன்கம்பியை முன்னைவிட இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். நானும்தான். சிரித்த பிறகுதானே பள்ளம் சரியாகக் கண்ணில் படுகிறது! அன்றைக்கே அவன் என் கதையில் ஏறிவிட்டான். அவன் சொன்னது இதுதான்: "டிரைவரண்ணா, பள்ளத்த நாங்க பாத்துக்கறோமுங்க, நீங்க ரோட்டப் பாருங்க."

வந்த உத்தரவு

எட்டாவது கதை ஒரு பழைய காப்பித் தோட்டத்து பங்களாவில் நடக்கிறது. சேலத்துப் பதிப்பாளருக்கு பஸ்ஸில் அனுப்பிய நோட்டு பஸ்ஸிலேயே திரும்பி வந்தது. கஞ்சமலை வாய் திறக்கிற இடமெல்லாம் சிவப்பு வட்டம். போன் போட்டேன். இருபது பக்கமாக ஏற்றிய பயத்தை அவன் ஒரு பேச்சில் இறக்கிவிடுகிறானாம். அவனை எடுத்தால்தான் புத்தகமாம், இல்லையென்றால் நோட்டு என்னிடமே இருக்கட்டுமாம். நல்ல மனிதர்தான், சிரித்து மட்டும் நான் பார்த்ததில்லை. "பயப்படறதுக்குத்தானுங்க வாங்கறாங்க. சிரிக்கோணும்னா அதுக்கு வேற புக்குப் போட்டிருக்கறனுங்க."

அடித்த நாள்

வட்டத்துக்குள் இருந்ததை எல்லாம் பேனாவால் அடித்தேன். பேய் சுவருக்குள்ளிருந்து வரும்போது, "கதவு தொறந்துதானுங்க கெடக்குது அம்மணி, எதுக்குச் சுத்தி வாரீங்க?" என்று கேட்பான். அதையும் அடித்தேன். என் வீட்டுக்காரி செல்லம்மாள் சோற்றுத் தட்டோடு நின்று பார்த்தாள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். ஆனால் கஞ்சமலை பேச்சு அவளுக்கு மனப்பாடம். தட்டை என் முன்னால் ணங்கென்று வைத்தாள். "பேயி கொன்னிருந்தாக்கூட மனசு ஆறியிருக்குமுங்க. நீங்களே கொல்லறீங்களே."

மிளகு உதிர்க்கும் களம்

புதுக் கதையை முதலில் மிளகு உதிர்க்கிற களத்தில் வாசிப்பது என் வழக்கம். கைக்குத்தான் வேலை, காது சும்மா இருக்கும். கை நின்றால் கதை பிடித்துவிட்டது என்று அர்த்தம். என்னிடம் வேறு தராசு இல்லை.

கஞ்சமலை இல்லாத கதையை வாசித்தேன். பேய் தலைவிரி கோலமாகச் சுவரிலிருந்து வந்தது. என் தம்பி மருமகள் பாப்பாத்தி களுக்கென்றாள். அவ்வளவுதான், களமே சிரிப்பைப் பிடித்துக்கொண்டது. ஒரு கையும் நிற்கவில்லை. சிரிக்க ஓர் ஆளை வைக்காவிட்டால் பேயைப் பார்த்தே சிரித்துவிடுகிறார்கள். பாப்பாத்தி கேட்டாள்: "ஏனுங்க மாமா, அந்தப் புள்ளைக்கு ஒரு சீப்பு வாங்கிக் குடுக்கக் கூடாதுங்களா?"

விட்டுப்போன ஒரு வரி

ரோஷத்தில் மேலே வாசித்தேன். கதாநாயகன் தனியாக பங்களாவுக்குள் போய்க் கதவைத் தாழிடுகிறான், விளக்கை அணைக்கிறான், உட்காருகிறான். அடுத்த வரி: "ஏனுங்க, எனக்கொரு டீ கெடைக்குங்களா?"

கஞ்சமலை பேச்சு! வட்டம் போட்டவரும் விட்டிருக்கிறார், அடித்த நானும் விட்டிருக்கிறேன். ஆள்தான் கதையில் இல்லையே! வாசித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. அத்தனை கையும் மிளகுக் கொத்தோடு நின்றுவிட்டது. தடுப்பூசிப் பெட்டியோடு வந்து உட்கார்ந்திருந்த நர்சம்மா, சமவெளியிலிருந்து வேலைக்கு வந்தவர், மெதுவாகக் கேட்டார். "உள்ள ஒருத்தர்தானே ஐயா இருந்தாரு? இப்ப டீ கேட்டது யாரு?"

என் பதில்

அன்றைக்கே புது நோட்டு வாங்கினேன். மூன்று வாரம் உட்கார்ந்து முதலிலிருந்து எழுதினேன், கஞ்சமலையின் ஒரு சொல்லைக்கூட விடாமல். ஒன்பதாம் அத்தியாயத்தில் மட்டும் அவனைக் காணாமல் போகவிட்டு, பூட்டிய வீட்டுக்குள் குரலை வைத்தேன். பதிப்பாளருக்கு அனுப்பிவிட்டுப் போனில் சொன்னேன்: "அவன் இருந்தாத்தானுங்க கதை. இல்லீன்னா அது மலைய உட்டு எறங்காது. ஆபீஸ்ல நாலு பேர உக்கார வெச்சுச் சத்தமா வாசிச்சுட்டுச் சொல்லுங்க."

நாலு நாள் சத்தமே இல்லை. புத்தகம் போனதென்றே நினைத்துக் கிழங்குக்கு மண் அணைக்கப் போய்விட்டேன். ஐந்தாம் நாள் போன் வந்தது. பின்னால் ஆபீஸே கலகலவென்று இருந்தது. அந்த மனிதர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "கஞ்சமல இருக்கட்டுமுங்க. பேயத்தான் ஒரு நாலு பக்கம் கொறைச்சுத் தாங்க."

எட்டுப் புத்தகத்தில் நான் கண்டது இவ்வளவுதான்: எப்பேர்ப்பட்ட பேயையும் கடைசி அத்தியாயத்தில் விரட்டிவிடலாம், நாலு பேரைச் சிரிக்க வைத்தவனைக் கதையைவிட்டு வெளியேற்ற எந்த மந்திரவாதியாலும் ஆகாது.